அம்மாவும் கீழ்க்கணக்குப் பீலியும்

அம்மா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலர் அம்மாவைத் தூக்கி வளர்த்தவர்கள். சிலர் அவரோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பு அம்மா தேடித் தந்தது. அதை அம்மாவைப் பற்றி எழுதப் பயன்படுத்தாமல் வேறு எதற்கு வைத்திருப்பது?

எழுத உட்கார்ந்தபோது மாமா வந்து பக்கத்தில் நின்றார்.

"நல்லத மட்டும் எழுது புள்ள. செத்தவங்கள பத்தி யாரும் மத்தத எழுத மாட்டாங்க."

அம்மா தன் வாழ்க்கையில் நடந்த எதையும் மறைத்தவர் அல்லர். கீழ்க்கணக்கு ஆட்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, கோயில் முற்றத்தில் நின்று அவர் தன் வாயாலேயே சொன்னதை நான் மறைத்து எழுதினால், அது அம்மாவைப் பற்றிய கட்டுரையாக இருக்காது.

அம்மா பிறந்தது எங்கள் தோட்டத்தின் மேற்கணக்கில். நானுஓயாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும்: மேல் பிரிவை மேற்கணக்கு என்றும் கீழ்ப் பிரிவைக் கீழ்க்கணக்கு என்றும் சொல்வோம். இரண்டுக்கும் நடுவில் பாறைச் சரிவு ஒன்று இருக்கிறது. மேலே மாரியம்மன் கோயில். சரிவின் அடியில் ஓர் ஊற்று. அந்த ஊற்றிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர்தான் கீழ்க்கணக்கு லயத்தின் வரிசை வீடுகள் எல்லாம் குடம் பிடிக்கும் பீலியில் விழுகிறது.

அம்மாவுக்குக் கீழே பிறந்த தம்பி வயிற்றோட்டத்தில் இறந்துபோனான். அம்மாவுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. அந்தச் சாவுக்குப் பிறகு வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமென்று அவரைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த லயத்துக்கு அப்போது கழிப்பறை கிடையாது. ஆட்கள் லயத்தை ஒட்டிய சாக்கடைக் கானுக்குப் போவார்கள், அல்லது தேயிலைக்குள் போவார்கள். பெண்கள் இருட்டுவதற்காகக் காத்திருப்பார்கள். அம்மா எங்களிடம் தன் தம்பியின் முகத்தைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அவன் நினைவாக வைத்திருக்க ஒரு படம்கூட இல்லை. "கானுத் தண்ணியில வெளாண்டான்" என்று மட்டும் சொல்லுவார்.

அம்மாவின் பிற்கால வேலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், உள்ளூராட்சிச் சபைகளின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் காலத்திலேயே மலைநாட்டு நகரங்களுக்குச் சுகாதாரம் பார்க்கச் சபைகள் வந்துவிட்டன. கான் வெட்டினார்கள், குப்பை அள்ளினார்கள், சந்தையைக் கழுவினார்கள், தண்ணீர்க் குழாய் இழுத்தார்கள். அந்த வேலைகளைச் செய்த கைகள் பெரும்பாலும் நம்முடைய ஆட்களின் கைகள். ஆனால் நம்முடைய ஆட்கள் குடியிருந்த தோட்டங்களுக்குள் அந்த வேலைகள் வரவில்லை. தோட்டத்தின் சுகாதாரம் அதை நடத்தும் துரையின் பொறுப்பு; அவர் வைத்திருந்த மருந்துக்காம்பராவின் பொறுப்பு. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, பிறகு கம்பெனிகளிடம் கொடுத்தது. பிரதேச சபைகள் வந்தன. அப்போதும் சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. நாம் வாக்குப் போடலாம். நம் வாக்கில் வந்த சபை நம் லயத்துக் கானில் ஒரு கல் வைக்க முடியாது. சபையின் குப்பை லொறி தோட்டத்துப் பெயர்ப்பலகை வரை வந்து திரும்பிப் போகும். பலகைக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் கிணற்றுக்கு மருந்து போடுவார்கள். இந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். அதை யாரும் அநியாயம் என்றுகூடச் சொன்னதில்லை. மழை பெய்வதைப் போல அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

அப்பாவைக் கலியாணம் கட்டி அம்மா கீழ்க்கணக்குக்கு வந்தார். அப்பா தொழிற்சாலையில் வேலை. அம்மா மலைக்குப் போனார். அண்ணாவும் நானும் பிறந்தோம். அண்ணா படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா என்னை மலைப்பக்கம் வரவே விட்டதில்லை. கொழுந்துக் கூடையைத் தொட்டால்கூடக் கையைத் தட்டிவிடுவார்.

பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். தோட்டங்களுக்குள்ளும் சபை வேலை செய்யலாம் என்று வந்தது. அதே காலத்தில் சபைகளில் பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் வந்தது. கட்சிக்காரர்கள் பெண் தேடி லயம் லயமாக வந்தார்கள். எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பேருக்குத்தான்க்கா. வந்து ஒக்காந்தா போதும்."

"ஒக்காற ஆள் தேடுறீங்கன்னா வேற காம்பராவப் பாருங்க. எனக்கு மலையில நின்னே பழகிப்போச்சி."

உள்ளேயிருந்து அப்பா, "அவ நிப்பா. நின்னா ஒங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா நின்றார். வென்றார்.

சபையில் அம்மா பேசியது ஒன்றைப் பற்றித்தான். லயத்துக்குக் கழிப்பறை. கூட்டம் சிங்களத்திலும் தமிழிலும் நடக்கும். அம்மாவுக்குத் தெரிந்தது மரக்கறிச் சந்தைச் சிங்களம். அதை வைத்தே பேசினார். நானுஓயாவில் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரும் அப்போது வேறு கட்சியிலிருந்து உறுப்பினராக இருந்தார். அவர் ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கூடிய கூட்டத்தில் கேட்டாராம்.

"மெம்பரம்மா, கக்கூஸத் தவிர வேற ஒண்டும் பேச மாட்டீங்களா? நாங்க இப்பதான் சோறு திண்டுட்டு வந்தீக்கிறோம்."

"தின்னா போவத்தானே நானா வேணும்."

அன்றிலிருந்து அம்மாவுக்குக் 'கக்கூஸ் மெம்பர்' என்று பெயர். கேலியாக ஆரம்பித்த பெயர்தான். அம்மா அதை விரும்பினார். எங்கள் தோட்டத்துக்குச் சபைப் பணத்தில் நடந்த முதல் வேலை மேற்கணக்குக் கழிப்பறைகள். தான் பிறந்த லயம், தம்பி இறந்த லயம், முதலில் அங்கேதான் வேண்டும் என்று அம்மா நின்று வாங்கினார்.

இனி எழுதப்போவதைத்தான் எழுத வேண்டாமென்று மாமா சொன்னார்.

இடம் பார்க்கச் சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள சமதரையில் முளை அடித்தார். மண் ஆழமான இடம். ஊற்றிலிருந்து விலகிய பக்கம். மேற்கணக்குப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

"தேர் வர்ற பாதையில கக்கூஸா? நல்லாவா இருக்கு மெம்பரம்மா?"

"நீங்க எங்க வீட்டுப் புள்ள. நீங்களே இதுக்கு நிக்கலாமா?"

தேர் வரும் பாதையில், கரகம் இறங்கும் பக்கத்தில், மலக்குழி வெட்டுவது என்பதை எங்கள் ஆட்கள் யாராலும் ஏற்க முடியாது. அம்மாவாலும் முடியவில்லை. வருடம் தவறாமல் தீச்சட்டி எடுத்தவர் அவர். உத்தியோகத்தரிடம் திரும்பிச் சொன்னார்.

"கோயில் பக்கம் வேணாங்க சேர். அந்தச் சரிவுல கட்டிருவோம்."

"அது பாறைம்மா. குழி ஆழமா வெட்ட ஏலாது."

"வெட்டுற அளவுக்கு வெட்டுங்க சேர். அம்மனுக்கு ஆகாதத செஞ்சா ஒருத்தரும் அதுக்குள்ள போக மாட்டாங்க."

அவர் முளைகளைப் பிடுங்கிச் சரிவில் அடித்தார். எல்லோருக்கும் திருப்தி. திறப்பு விழாவுக்குச் சபைத் தலைவர் வந்தார். நாடா வெட்டினார்கள். பொங்கல் வைத்தார்கள். மேற்கணக்குப் பெண்கள் அம்மாவுக்கு மாலை போட்டார்கள். அம்மாவின் முகத்தை அப்படி ஒரு வெளிச்சத்தோடு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தப் படம்தான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது.

கோயிலின் சுத்தத்தைக் காப்பாற்றினார்கள். சரிவின் அடியில் ஊற்று இருப்பதை அன்று ஒருவரும் நினைக்கவில்லை. மேலே இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. அம்மா குடிப்பவர். ஆனால் அன்று அம்மா மேலே பிறந்தவராக மட்டும் நின்றார்.

அடுத்து வந்த பெருமழைக்குப் பிறகு கீழ்க்கணக்கில் வயிற்றோட்டம் தொடங்கியது. பிறகு மஞ்சட்காமாலை. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த சரசு அக்காவின் கைக்குழந்தை வயிற்றோட்டத்தில் இறந்தது. தோட்டத்து மருந்துக்காம்பரா அப்போது பூட்டிக் கிடந்தது. மருந்து கொடுப்பவர் ஓய்வு பெற்றுப் போனபின் வேறு ஆள் வரவில்லை.

அம்மாதான் சுகாதார அலுவலகத்துக்குப் போய்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டி வந்தார். சிங்களவர். கொஞ்சம் தமிழ் பேசுவார்; நாங்கள் சிங்கள வழக்கில் மாத்தயா, அதாவது ஐயா, என்போம். பீலித் தண்ணீரைப் போத்தலில் எடுத்து அனுப்பினார். தண்ணீரில் மலக்கிருமி இருப்பதாக முடிவு வந்த அன்று மறுபடி வந்து, "அம்மா, மேலே போவோம்" என்றார். நானும் கூடப் போனேன். அவர் ஊற்றைப் பார்த்தார். தலையை நிமிர்த்திச் சரிவைப் பார்த்தார். கழிப்பறைகளின் பின்பக்கம் வரிசையாகத் தெரிந்தது.  அம்மாதான் கேட்டார்.

"மாத்தயா, அது இதுக்குள்ளதானே எறங்குது?"

"மழை பெய்ஞ்சா எறங்கும் அம்மா."

"இங்க எப்ப மாத்தயா மழை பெய்யாம இருந்திச்சி?"

அம்மா அங்கேயே, ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பிக் கூட்டி வருவது பெரிய பாடாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை பூசைக்குக் கீழ்க்கணக்கு ஆட்கள் மேலே கோயிலுக்கு வந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் அம்மா முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். இடத்தை மாற்றச் சொன்னது தான் என்றார்.  சரசு அக்கா எழுந்து வந்து கேட்டார்.

"அப்ப அது மேல இருந்து வந்ததுதானா?"

"ஆமா சரசு."

"நீங்க மால போட்டுக்கிட்டீங்களே, அதுலயிருந்து?"

"ஆமா."

சரசு அக்கா இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அம்மாவோடு பேசவே இல்லை. பீலியில் அம்மா நின்றால் குடத்தோடு தள்ளி நிற்பார். அம்மா நகர்ந்த பிறகுதான் பிடிப்பார்.

அம்மாவுக்கு அதற்குப் பிறகு ஒரே காரியம்தான். குழிகளை இடம் மாற்ற வேண்டும். அதுவரை வேறு ஊற்றிலிருந்து குழாய் இழுக்க வேண்டும். சபையில், அந்தத் தோட்டத்துக்கான பணம் கழிப்பறைக்கே முடிந்துவிட்டது என்றார்கள். தோட்டத்துத் துரை, கழிப்பறை சபையுடையது, சபையைக் கேள் என்றார். சபை, நிலம் கம்பெனியுடையது, கம்பெனி எழுதித் தந்தால்தான் என்றது. சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லத்தான் அதிகாரம் உண்டு, வெட்டவும் கட்டவும் பணம் இல்லை. ஒவ்வொருவர் சொன்னதும் சட்டப்படி சரி. அதுதான் கொடுமை. சபை தோட்டத்துக்குள் வர முடியாத காலத்தில் கேட்க இடம் இல்லை. சபை வந்த பிறகு கேட்க இடம் நிறைய. பதில் சொல்ல ஆள் இல்லை.

பரிசோதகர் அம்மாவுக்கு, ஊற்றுக்கும் பீலிக்கும் நடுவில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் குளோரின் தூள் கலக்கச் சொல்லிக் கொடுத்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் அம்மா தொட்டியடிக்குப் போய்க் கலந்துவிட்டு, பிறகுதான் வேலைக்குப் பேர் கொடுப்பார். தண்ணீர் நாறுகிறது என்று லயத்தில் முணுமுணுத்தார்கள்.

"தேத்தண்ணி மருந்து வாடை அடிக்கிது மெம்பரம்மா. பழைய தண்ணியே ருசி."

"ருசியா குடிச்சிட்டு ஆஸ்பத்திரியில படுக்கவா? மூக்கப் புடிச்சிக்கிட்டு குடி."

நானாவும் சபையில் அம்மாவின் பக்கம் பேசத் தொடங்கினார். ஒருவழியாகப் புதுக் குழாய்த் திட்டத்துக்குச் சபை சம்மதித்தது. அந்த வருடம்தான் பொருளாதாரம் விழுந்து, நாட்டில் எண்ணெயும் இல்லை, சமையல் காஸும் இல்லை, மருந்தும் இல்லை என்று ஆனது. சபை வேலைகள் எல்லாம் நின்றன. குளோரின் தூளும் வருவது நின்றது. அம்மா வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார். மலையில் விறகு எப்போதும் ஈரம். சோறு ஆக்கவே விறகு போதாத வீட்டில் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டார்கள்.  ஆனாலும் அம்மா மறுநாளும் போனார்.

பிறகு சபையின் காலம் முடிந்தது. தேர்தல் வரும் வரும் என்றார்கள்; வரவில்லை. சபை இல்லாமல் செயலாளரை வைத்தே அலுவலகம் நடந்தது. அம்மா அதே சேலையைக் கட்டிக்கொண்டு போனார். முன்பு தேத்தண்ணி கொண்டு வந்து வைத்த பியோன், "என்னா விஷயம்னு அந்த யன்னல்ல சொல்லுங்க" என்றார். செயலாளர் நல்ல மனிதர். எழுந்து நின்றே பேசினார்.

"இப்ப நீங்க உறுப்பினர் இல்லையே அம்மா. சபையே இல்லையே."

"சபை இல்லன்னா தண்ணி குடிக்காம இருக்க முடியுமா சேர்?"

 நாங்கள் பஸ் ஏறி வந்தோம். நானுஓயா வரை அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "படிச்சவ நீ சொல்லு. இனி யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். 

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது களைப்பு என்று நினைத்தோம். கண் மஞ்சளான பிறகும் வேலைக்குப் போனார். வீட்டில் கொதித்த தண்ணீர்தான். ஆனால் மலையில் தாகம் எடுத்தால் எல்லோரும் குடிப்பது அந்த ஊற்றில்தான். நாட்டு மருந்து கொடுத்தோம். நினைவு தடுமாறத் தொடங்கியதும் ஓட்டோவில் நானுஓயா வந்தோம். அங்கிருந்து நானாவின் வேனில் நுவரெலியா ஆஸ்பத்திரி. பிறகு கண்டிக்கு அனுப்பினார்கள். எந்தத் தண்ணீர் குடிப்பீர்கள் என்று வைத்தியர் கேட்டார். "எல்லாரும் குடிக்கிறதத்தான் டொக்டர்" என்றார் அம்மா. ஈரல் பழுதாகிவிட்டது என்றார்கள். அந்தத் தண்ணீரால்தான் என்று வைத்தியர் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் உறுதியாக எழுதவில்லை.

தெளிவாக இருந்த கடைசிப் பொழுதில் அம்மா என்னிடம் கேட்டது தேர்தலைப் பற்றி.

"எலெக்சன் வருதாமே. நம்மளக் கேட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

கேட்டிருந்தார்கள். வேறு ஒருவரை நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது.

அம்மா போன பிறகு தேர்தல் வந்தது. புதிய சபை வந்தது. புதிய உறுப்பினர் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார். அம்மா விட்ட வேலையைத் தொடர்வோம் என்றார். தோட்டத்து முகப்பில் அம்மாவின் படம் போட்டு அஞ்சலிப் பதாகை கட்டினார்கள். மழையில் அது கிழிந்துவிட்டது. குழிகள் சரிவிலேயே இருக்கின்றன. ஒன்று நிரம்பிவிட்டது என்று பக்கத்தில் இன்னொன்று வெட்டியிருக்கிறார்கள், அதே சரிவில்.

அம்மா ஒரு தப்பு செய்தார். அதைத் திருத்தவே மீதி வாழ்க்கையைக் கொடுத்தார். திருத்த முடியவில்லை. இதற்கு மேல் ஆறுதலாக ஒரு வரி எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் தப்பைத் தன்னுடையது என்று சொன்ன ஒரே ஆள் அம்மாதான். மற்றவர்கள் எல்லோரும் சரியாகவே நடந்துகொண்டவர்கள். நான் அந்த ஒருவரின் மகள்.

கண்டி வரை கூடவே வந்து, கூடவே திரும்பிய நானாவுக்கும் அவர் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. மாற்றலாகிப் போன பிறகும் சேதி கேட்டு ஓடி வந்த பரிசோதகர் மாத்தயாவுக்கு நன்றி. இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், பாடை கட்டிய மேற்கணக்கு இளைஞர்களுக்கும், இந்த மலரை எழுத விட்ட மாமாவுக்கும், அப்பா, அண்ணா சார்பிலும் நன்றி சொல்கிறேன். அம்மாவை எடுத்த அன்று சரசு அக்கா உள்ளே வரவில்லை. மழையில் கடைசிவரை வெளியே நின்றார். நின்றதற்கு அவருக்கும் நன்றி.

இன்று உங்களுக்குப் பரிமாறும் சாப்பாடு, நகரத்திலிருந்து பவுசர் லொறியில் கொண்டு வந்த தண்ணீரில் சமைத்தது. குடிப்பதற்கும் அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து, இஸ்தோப்பில் மூடி வைத்திருக்கிறோம். தூரத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களிடம் அம்மாவின் சார்பில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் தாகம் என்றால் அந்தப் பானையிலிருந்து கொடுங்கள். பீலிப் பக்கம் விட வேண்டாம்.